சாசேஜ் பாஸ்தாவில் சாறு ஒட்டாமல் போவது ஏன்?

கேள்வி (ஞாயிறு சமையல்):
வரும் ஞாயிறு இரவு, மாமனார், மாமியார், பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்கு இத்தாலிய சாசேஜ் பாஸ்தா செய்ய எண்ணியிருக்கிறேன். சென்ற முறை சாசேஜை வட்டவட்டமாக நறுக்கி, வதங்கிய தக்காளியில் போட்டுக் கொதிக்கவிட்டேன். துண்டுகள் ரப்பர் போலாகிவிட்டன. கொழுப்பு மேலே மிதந்தது. சாறு பாஸ்தாவில் ஒட்டாமல் தட்டின் அடியில் தேங்கியது. பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று வேகும் நீரில் எண்ணெய் ஊற்றியதையும், வடித்தபின் குளிர்ந்த நீரில் அலசியதையும் சொல்லிவிடுகிறேன். தவறு எங்கே நேர்ந்தது?

பதில் 1 (மரக்கரண்டி):
சகோதரி, கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. பாஸ்தாவின் மேல் படிந்திருக்கும் மாவுச்சத்துதான் சாற்றைப் பிடித்துக்கொள்ளும். அதை நீங்கள் அலசிக் கொட்டிவிட்டீர்கள். எண்ணெயும் வேண்டாம். தண்ணீர் தாராளமாக இருந்து, முதல் இரண்டு நிமிடங்கள் கிளறிவிட்டால் பாஸ்தா தானாகவே ஒட்டாது. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீடுகளின் கணக்கு. சாசேஜிலும் பாலாடைக்கட்டியிலும் உப்பு இருப்பதால் நான் 7 கிராமோடு நிறுத்திக்கொள்வேன்.

சாசேஜின் தோலை உரித்து, உள்ளிருக்கும் இறைச்சியை உதிர்த்து, அகன்ற வாணலியில் பரப்பி, அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை கிளறாமல் விடுங்கள். கூட்டமாகப் போட்டால் நீர் விட்டு வெந்துபோகுமே தவிர வறுபடாது. அது பச்சைப் பன்றி இறைச்சி என்பதால் உள்ளே சிவப்பு தெரியாமல் வேக வேண்டும். வெப்பமானி இருந்தால் 71 டிகிரி செல்சியஸ். இறைச்சியைத் தனியே எடுத்துவிட்டு, வழிந்த கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு அதிலேயே வெங்காயத்தை வதக்குங்கள். பின்னர் தக்காளியைச் சேர்த்து, அடியில் பிடித்திருப்பதைச் சுரண்டிக் கலந்து, இறைச்சியைத் திரும்பப் போட்டுச் சிறுதீயில் அரைமணி நேரம் விட்டுவிடலாம்.

பதில் 2 (தீவுக்காரன்):
இத்தாலியத் தீவான சார்டீனியாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் ஒன்று சேர்க்கிறேன். அங்கே ‘மல்லொரெட்டுஸ் அல்லா காம்பிதனேசே’ என்று ஓர் உணவு உண்டு. சோம்பு மணக்கும் சாசேஜ், தக்காளி, சிட்டிகை குங்குமப்பூ, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கோரினோ பாலாடைக்கட்டி ஆகியவை சேரும் அந்தச் சாறு, வரிவரியாகப் பள்ளம் விழுந்த சிறு பாஸ்தாவில் நன்றாகத் தங்கும். அந்தப் பாஸ்தா கிடைக்காவிட்டால் வரியோடிய குழாய் வடிவ ரிகட்டோனி பாஸ்தாவை வாங்குங்கள். ஸ்பகெட்டி வேண்டாம், உதிர்ந்த இறைச்சி அதில் நிற்காது. சோம்பின் மணம் நமக்குப் பழகியது என்பதற்காகக் கரம் மசாலாவைத் தேடிப் போகாதீர்கள்.

பதில் 3 (வெண்சாறு):
தக்காளி கட்டாயமில்லை. இத்தாலியின் உம்பிரியா பகுதியிலுள்ள நோர்ச்சா ஊர் பன்றி இறைச்சித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அந்த ஊர்ப் பெயரால் வழங்கும் ‘நோர்ச்சினா’ பாஸ்தாவில் சாசேஜோடு கிரீம்தான் சேரும். ஆனால் பெரியவர்கள் இரவில் உண்பதென்றால் தக்காளியே வயிற்றுக்கு இலகு என்பது என் எண்ணம்.

ஞாயிறு சமையல்:
மிக்க நன்றி. ஆறு பேருக்கு 500 கிராம் பாஸ்தாவும் அதே அளவு சாசேஜும் போதுமா? பாஸ்தாவைச் சாற்றில் எப்போது சேர்ப்பது?

மரக்கரண்டி:
போதும், தக்காளி 400 கிராம் டின் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே பாஸ்தாவை எடுத்துச் சாற்றில் போட்டு, வெந்த நீரில் ஒரு குவளை ஊற்றிப் பெருந்தீயில் பிரட்டுங்கள். மிதக்கும் கொழுப்பும் மாவுநீரும் கலந்து பளபளவென்று திரளும்போது அடுப்பை அணைத்து, அதன்பிறகே பெக்கோரினோவைத் தூவுங்கள்; கொதிக்கும்போது தூவினால் கட்டிகட்டியாகிவிடும்.