படைப்புக்கு முன்னால் நின்று கண் கலங்கியது உண்டா? கலங்காமல் போனதும் சொல்லலாம்

கோடுகிழித்தவன்:
பெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் என்ற கலைஞர் படைப்பாக வைத்த மிட்டாய்க் குவியல். தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். எனக்கு முன்னால் ஒரு சிறுமி ஓடிப்போய்க் கை நிறைய அள்ளினாள், காவலர் சிரித்தார், நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அப்புறம்தான் சுவரில் இருந்த குறிப்பைப் படித்தேன். அந்தக் கலைஞரின் துணைவர் ராஸ் 1991-இல் எய்ட்ஸால் இறந்தவர். குவியல் 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ. நோய் இல்லாத ராஸின் எடை என்பார்கள். ஆட்கள் எடுக்க எடுக்கக் குறையும், மறுபடி நிரப்புவார்கள். என் வாயில் மிட்டாய் பாதி கரைந்திருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் மனம் வரவில்லை. சிறுமி அடுத்த பிடிக்குக் கை நீட்டினாள். அவளைத் தடுக்க வேண்டும்போல இருந்தது. எடுக்கத்தானே வைத்திருக்கிறார்கள்?

சாம்பல்நிறம்:
குறிப்பைப் படித்த பிறகுதானே வந்தது? அப்படியானால் கலங்கவைத்தது குவியலா, சுவரில் ஒட்டிய நாலு வரியா?

எனக்கு இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள ராத்கோ சிற்றாலயம். ஓவியர் மார்க் ராத்கோ வரைந்த 14 பெரிய படங்கள், பல கறுப்பேதான் என்று தோன்றும். அங்கே போனாலே அழுகை வரும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை. படங்களை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பினார். திருடும்போது பிடிபட்டவன் மாதிரி ஆகிவிட்டது.

ஈரக்களிமண்:
சாம்பல்நிறம், குறிப்பை அவ்வளவு லேசாக ஒதுக்காதீர்கள். 2022-இல் சிகாகோவில் அதே குவியலுக்கான குறிப்பில் ராஸும் இல்லை, எய்ட்ஸும் இல்லை என்று பலர் கொதித்த பிறகு மாற்றி எழுதினார்கள். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் இனிப்புதான்.

என்னுடையது சின்னது. சீனக் கலைஞர்கள் சுன் யுவானும் பெங் யூவும் 2016-இல் செய்த இயந்திரக் கை. 2019-இல் வெனிஸில் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் ரத்த நிறத்தில் ஏதோ பரவிக்கொண்டே இருக்கும், அது ஓயாமல் வழித்து உள்ளே தள்ளும், நடுநடுவே ஆடும், சொறிந்துகொள்வதுபோல வளையும். ஒரு தடவை என் பக்கம் திரும்பிக் குனிந்தது. நானும் பதிலுக்குத் தலை குனிந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

தூரிகைத்தாத்தா:
அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அது தன் ரத்தத்தைத் தானே அள்ளி உயிர் பிழைக்கப் பார்த்தது, கடைசியில் செத்துப்போனது என்று ஒரு வீடியோ சுற்றுகிறதே, சுத்தக் கதை. அது ஓடுவது மின்சாரத்தில். சிவப்பாக இருப்பது சாயம் கலந்த கெட்டித் திரவம். செய்தவர்கள் பேசியது எல்லைகளையும் கண்காணிப்பையும் பற்றி. அழுகிறவர்கள் அழட்டும், ஆனால் இல்லாத கதைக்கு ஏன் அழ வேண்டும்?

சாம்பல்நிறத்துக்கு ஒரு வார்த்தை. அழ வேண்டும் என்று எதிர்பார்த்துப் போனால் வராது. முதலில் போனைப் பையில் போடுங்கள். அவசரப்படுகிற ஆளோடு போகாதீர்கள். குறிப்பைக் கடைசியில் படியுங்கள். ஒரு அறைக்கு ஒரு படைப்பு போதும், மற்றதெல்லாம் ஓடிவிடாது. ராத்கோவே தன் படத்துக்கு முன்னால் 18 அங்குலத்தில் நிற்கச் சொன்னவர், 45 சென்டிமீட்டர்தான். அவ்வளவு கிட்டே போனால் படத்தின் ஓரம் கண்ணுக்குத் தெரியாது, நிறத்துக்குள் நிற்பீர்கள். கால் வலிக்கும்வரை நில்லுங்கள். எதுவும் வராவிட்டாலும் நில்லுங்கள்.

என் அனுபவமா? வீடியோ கலைஞர் பில் வயோலாவின் ஐந்து பேர் படம், 2000-இல் எடுத்தது. சுமார் ஒரு நிமிடக் காட்சியைக் கால் மணி நேரமாக இழுத்திருப்பார், சத்தமே கிடையாது. அதில் ஒரு முகம் அழப்போகிறதா சிரிக்கப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன், என் முகமும் கூடவே கோணிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

சாம்பல்நிறம்:
நான் யோசனை கேட்கவில்லை ஐயா. ஆனாலும் சொல்கிறேன், அந்த 18 அங்குலத்தையும் வேறொரு இடத்தில் செய்து பார்த்தாயிற்று. நெருங்கி நின்ற கொஞ்ச நேரத்தில் காவலர் வந்து இரண்டடி பின்னால் போகச் சொன்னார். அப்போது ஒரு உணர்ச்சி வந்தது. எரிச்சல்.