எதை மறுபடி படிப்பது: ஜோசப் போர் குழு அறிக்கையா, காக்ரேனா?

வைகைக்கரை: சுகாதாரக் கொள்கை பற்றிய பழைய நூல்களில் ஒன்றைச் சேர்ந்து படிக்கலாம் என்றால், என் ஓட்டு, பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய ஜோசப் போர் (Bhore) தலைமையில் அமைத்த குழு 1946-இல் தந்த அறிக்கைக்கு. 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்றிருந்த நாட்டில், காசில்லை என்பதால் யாருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்று எழுதினார்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விதை அதில்தான்.

மணல்மேடு: நான்கு தொகுதி! யார் படிப்பது? அது வெறும் ஆசைப் பட்டியல். 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கை என்றார்கள், எங்கே இருக்கிறது? பிரிட்டிஷ் டாக்டர் ஆர்ச்சி காக்ரேன் 1972-இல் எழுதிய சின்னப் புத்தகத்தை எடுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, கிரீஸில் சலோனிகா கைதி முகாமில் இருந்தபோது ரொம்ப நாள் அவர் ஒருவர்தான் டாக்டர். 20,000 கைதிகள், நாளுக்கு 600 கலோரி சாப்பாடு, டைபாய்டு, டிப்தீரியா. கையில் ஆஸ்பிரின், வயிற்று அமிலத்துக்குக் கொஞ்சம் அன்டாசிட். நூற்றுக்கணக்கில் சாவார்கள் என்று நினைத்தார். செத்தது நாலு பேர், அதிலும் மூன்று பேர் ஜெர்மானியர் சுட்டதில். அப்புறம்தான் கேட்கிறார்: எந்தச் சிகிச்சை வேலை செய்கிறது என்று சோதிக்காமல் எதற்குப் பணத்தைக் கொட்டுகிறோம்?

வைகைக்கரை: அது சிப்பாய்களின் கதை. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத பெண்ணிடம் போய் இதைச் சொல்வீர்களா? காக்ரேன் எழுதியது பிரிட்டனில் எல்லாருக்கும் அரசு மருத்துவம் தரும் என்.எச்.எஸ். வந்து 24 வருஷம் கழித்து. எல்லாருக்கும் ஆஸ்பத்திரிக் கதவு திறந்த பிறகுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவே முடியும்.

மணல்மேடு: அவர் இலவசத்துக்கு எதிரியே இல்லை. மாணவராக இருந்தபோதே ‘பலன் தரும் சிகிச்சை எல்லாம் இலவசமாக வேண்டும்’ என்று பதாகை பிடித்து ஊர்வலம் போனவர். அந்தப் ‘பலன் தரும்’ என்ற நிபந்தனையை நம் காப்பீட்டுத் திட்டங்களில் யார் பார்க்கிறார்கள்?

நெல்லைமலர்: நடுவில் வருகிறேன். போர் குழு அறிக்கையைப் புகழ்வதற்கு இல்லை, சண்டை போடுவதற்காகவே படிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ்.-ஐவிடக் குறுகிய எல்.எம்.பி. என்ற டாக்டர் படிப்பை நிறுத்திவிட்டு, இனி எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்றது அதுதான். அன்றைக்கு டாக்டர்களில் பெரும்பாலோர் எல்.எம்.பி.காரர்கள்! கிராமத்துக்கு யார் போவது என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. 2019 மருத்துவ ஆணையச் சட்டத்தில், எம்.பி.பி.எஸ். படிக்காத சுகாதாரப் பணியாளரும் ஓரளவு மருந்து எழுதலாம் என்றபோது டாக்டர்கள் தெருவுக்கு வந்தது இதன் தொடர்ச்சிதான்.

மணல்மேடு: இது நியாயம். அப்படியானால் பரிந்துரைகள் உள்ள இரண்டாம் தொகுதி மட்டும். மற்ற மூன்றையும் வைகைக்கரையே வைத்துக்கொள்ளட்டும்.