நாம் எதிர்பார்க்கிற அளவுக்குத்தான் பிள்ளைகள் படிக்கிறார்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பொறியியல் கல்லூரி ஒன்றில் பதினோரு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். சேர்ந்த புதிதில் முதலாமாண்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போர்டுக்குக் கூப்பிட்டுப் போடச் சொல்வேன். வாரா வாரம் அசைன்மென்ட் திருத்திக் கொடுப்பேன். செமஸ்டர் முடிவில் பிள்ளைகள் எனக்குப் போட்ட ஃபீட்பேக் 5-க்கு 2.9. துறைத் தலைவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "கஷ்டமா இருக்குன்னு போட்டிருக்காங்கம்மா, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். இன்கிரிமென்டுக்கும் அந்தத் தாள்தான் போகும்.

பார்த்துக்கொண்டேன். அடுத்த வருடம் பழைய கேள்வித்தாள்களை அலசி, வருகிற மாதிரிக் கணக்குகளை மட்டும் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். ஃபீட்பேக் 4.4. பாஸும் கூடியது. அதே பிள்ளைகளுக்கு மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடர் எடுத்த தோழி ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்து, "பை பார்ட்ஸ் இன்டக்ரேஷனே வரலையே, முதல் வருஷம் யாருப்பா எடுத்தது?" என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல ரொம்ப நேரம் ஆயிற்று.

அமெரிக்க விமானப்படை அகாடமியை வைத்து கேரல், வெஸ்ட் என்ற இருவர் 2010-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே எந்த மாணவர் எந்தப் பேராசிரியரிடம் போவது என்பது குலுக்கல் மாதிரி. பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றே. முதல் கால்குலஸ் பாடத்தில் பிள்ளைகளுக்கு நல்ல மதிப்பெண் வாங்கிக்கொடுத்த பேராசிரியர்களுக்கு ஃபீட்பேக்கும் நன்றாக வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் அதைத் தொடர்ந்து வந்த பாடங்களில் பின்தங்கினார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, இவர்களால் இவ்வளவுதான் முடியும் என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன்.

*

மேடம், நான் மாணவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். முதல் இன்டர்னலில் 50-க்கு 11. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் கமிட்டிக்குக் காட்டத் தயாரித்த 'ஸ்லோ லேர்னர்' பட்டியலில் என் பெயரும் ஏறியது. சாயங்காலச் சிறப்பு வகுப்பில் இரண்டு மார்க் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். "நீங்க பாஸானா போதும்ப்பா." அன்பாகத்தான் சொன்னார்கள். நானும் அதை நம்பிவிட்டேன்.

சர்க்யூட் தியரி எடுத்த சார் மட்டும் ஒருநாள் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். கிர்க்காஃப் விதி, ஒரு லூப். சாக்பீஸோடு நின்றேன். அவர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஜன்னல் ஓரமாகச் சாய்ந்துகொண்டு, "தமிழ்லயே சொல்லு, அவசரம் இல்ல" என்றார். வியர்வையில் சாக்பீஸ் விரலில் பிசுபிசுத்தது. கடைசியில் சமன்பாட்டை எழுதிவிட்டேன், ஒரு குறி மட்டும்தான் தப்பு. அன்று ராத்திரி அடுத்த மூன்று கணக்கையும் நானாகப் போட்டுப் பார்த்தேன்.

செமஸ்டர் கடைசியில் கம்ப்யூட்டர் லேபில் உட்காரவைத்து, பத்து நிமிடத்தில் ஆறு பாடத்துக்கும் ஃபீட்பேக் போடச் சொன்னார்கள். வீட்டுக்கணக்கு அதிகம் கொடுக்கிறார் என்று பசங்க எல்லோரும் அந்த சாருக்குக் குறைத்துப் போட்டார்கள். நான் போட்டது 3. இன்றைக்குத் துணை மின்நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அந்த 3 இன்னும் உறுத்துகிறது.

*

அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக நிலை பார்க்கிறோம். பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தானே கைபிடித்துக் கூட்டிப்போக முடியும். ஆனால் அரும்புப் பிள்ளையிடம் நான் சின்னக் கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருந்ததை ஒருநாள் கவனித்தேன், வருத்தமாகிவிட்டது. ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாப் பள்ளி ஒன்றில், கண்டபடி பொறுக்கிய சில பிள்ளைகளைக் காட்டி 'இவர்கள் இந்த வருடம் நன்றாக வளர்வார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். வருடக் கடைசியில் 1, 2-ஆம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள் என்று 1968-இல் எழுதினார்கள். தாக்கம் அவ்வளவு பெரிதில்லை என்று பின்னால் பலர் மறுத்தார்கள். சரி, இருக்கட்டும். நான் எடுப்பது அதே 1, 2-ஆம் வகுப்புதான்.

*

தம்பி, டீச்சர், இரண்டு பேருக்கும் நன்றி. இப்போதெல்லாம் செமஸ்டர் முடிகிற வரைக்கும் நான் காத்திருப்பதில்லை. ஐந்தாவது வாரமே வெள்ளைத்தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்கிறேன். போன மாதம் ஒரு தாளில் இருந்தது: "கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடறீங்க மேடம். எனக்குத் தெரியும், வாய் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது."

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பேசாத பிள்ளைகளும் பேசுவார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் கேள்வியைப் போட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். வகுப்பு அமைதியாக இருக்கும்போது மூன்று நொடி ரொம்ப நீளம். கடைசி பெஞ்சில் ஒரு கை பாதி வரை எழுந்தது.