கூலி ஒன்றுதான், வேலை முடியும் நேரம்?

பந்தலூர் மகள்:
எங்கள் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கொழுந்து பறிக்கப் போவது பெரும்பாலும் பெண்கள். எடுத்த நான்கு பேரும் ஆண்கள். யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை என்கிறார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் நேர்காணல் மதியம் மூன்று மணிக்கு ஆபீசில். கவாத்துக்குப் போகிற ஆண்களுக்குக் கணக்கு வேலை: இத்தனை செடி வெட்டினால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி; இரண்டு மணிக்குள் வீடு. கொழுந்துக்காரிகளுக்குச் சாயந்தர எடை முடிந்தால்தான் பேர் விழும். மூன்று மணிக்கு மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர். 1976 சம ஊதியச் சட்டம் கூலியை ஒன்றாக்கியது, ஆள் எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்றது. வேலை முடியும் நேரம் மட்டும் ஒன்றாகவில்லை.

குன்னூர் பழைய கண்டக்டர்:
முப்பது வருஷம் எஸ்டேட் கண்டக்டராகச் செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) எழுதியவன் நான். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் தங்கச்சி. கொழுந்தை அன்றே ஃபேக்டரியில் வாட்டப் போட வேண்டும். மூட்டையிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அதனால்தான் கடைசி எடை சாயந்தரம். கவாத்துக் கத்தியைப் பிடித்துப் பாருங்கள், தோள் கழன்றுவிடும். நோட்டீசும் ஒட்டித்தானே ஆள் எடுக்கிறார்கள்?

பந்தலூர் மகள்:
கொழுந்து விஷயம் சரிதான் சார். ஆனால் நேர்காணலை மூன்று மணிக்கு வைக்கச் சொன்னது கொழுந்து இல்லையே. நோட்டீஸ் இங்கிலீஷில், ஆபீஸ் சுவரில். என் அம்மா 28 வருஷத்தில் அந்த ஆபீசுக்குள் போனது பி.எஃப். கையெழுத்துக்கு மட்டும். அம்மம்மா 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் கண்டியிலிருந்து வந்தவர். அங்கேயும் விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பேர் கூப்பிட்டவர் ஆண், கூடையோடு நின்றது அம்மம்மா. அம்மாவுக்கும் அதே பெரட்டு.

கோத்தகிரி வாத்தியார்:
அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோன் ஆக்கர் 1990இலேயே எழுதியது இதுதான். நிறுவனம் 'தொழிலாளி' என்று மனதில் வைத்திருப்பது, வீட்டுப் பொறுப்பு வேறொருவர் தலையில் இருக்கும் ஓர் ஆணை. விதி அவனுக்கு அளவெடுத்தது. அதை எல்லாருக்கும் மாட்டிவிட்டுப் பொது விதி என்கிறோம்.

குன்னூர் பழைய கண்டக்டர்:
சரி, நேரத்தை மாற்றலாம் என்றே வைத்துக்கொள்வோம். எடை முடிந்து வைத்தால் இருட்டிவிடும். உங்கள் பக்கம் யானை நடமாட்டம். ஒன்று ஆகிவிட்டால் ஆபீசைத்தான் கேட்பார்கள்.

பந்தலூர் மகள்:
அந்த இருட்டில்தான் சார் அவர்கள் எடைக்களத்திலிருந்து லயத்து வீட்டுக்கு நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கட்டும். நோட்டீசைத் தமிழில் எழுதி எடைக்களத்தில் ஒட்டட்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நான் வந்து உட்காருகிறேன்.