சோதனைத் திட்டங்களுக்குப் பின்தங்கிய பகுதிகளை அரசு எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

கேள்வி:
நலத்திட்டங்களையும் வேலைவாய்ப்புத் திட்டங்களையும் நாடு முழுவதும் விரிவாக்குவதற்கு முன், அரசுகள் சில பகுதிகளில் மட்டும் நடத்திப் பார்க்கின்றன. மிகவும் பின்தங்கிய பகுதி என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அதை எதை வைத்து அளக்கிறார்கள்? ஏறத்தாழ ஒரே அளவு வறுமையுள்ள இரண்டு ஊர்களில் ஒன்று பட்டியலில் இடம்பெற, மற்றொன்று விடுபடுவது எதனால்?

பதில் 1:
இந்தியாவின் ஊரக வேலை உறுதித் திட்டம் சோதனைத் திட்டம் அன்று; ஆனாலும் அது படிப்படியாக வந்த விதம் உங்கள் கேள்விக்குப் பொருந்தும். 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் அனைத்து ஊரக மாவட்டங்களுக்கும் அது விரிவானது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் மக்கள்தொகைப் பங்கு, வேளாண் கூலி, ஒரு வேளாண் தொழிலாளியின் உற்பத்தி மதிப்பு ஆகிய மூன்றையும் கொண்டு திட்டக் குழு தயாரித்திருந்த தரவரிசையே தேர்வுக்கு அடிப்படை. ஆனால் அந்தத் தரவுகள் 1990களைச் சேர்ந்தவை. இடைப்பட்ட ஆண்டுகளில் வறண்டுபோன மாவட்டமும் சற்றே தேறிய மாவட்டமும் பழைய இடத்திலேயே நின்றன. அதோடு ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது ஒரு மாவட்டமாவது தரப்பட்டதால், தரவரிசை மட்டுமே முடிவு செய்திருந்தால் இடம்பெற்றிருக்கக்கூடிய சில மாவட்டங்கள் அடுத்த கட்டத்துக்குத் தள்ளப்பட்டன.

பதில் 2:
மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய புரோகிரேசா திட்டத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பத்தினர் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் உதவித்தொகை கிடைத்தது. ஆகவே பள்ளியோ சுகாதார நிலையமோ எட்டாத, மிகவும் ஒதுக்குப்புறமான ஊர்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டன. உதவி மிகவும் தேவைப்பட்டவர்களே வெளியே நின்றார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. எஞ்சியவற்றில் மதிப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட 506 ஊர்களில் எந்த 320 ஊர்களுக்கு முதலில் பணம் தருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். மற்ற 186 ஊர்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. தகுதி சமமாக இருக்கையில் குலுக்கலைவிட நியாயமான வழி இல்லை என்பேன். செல்வாக்குக்கு அங்கே இடமில்லை.

பதில் 3:
உதவி தரும் திட்டத்துக்குக் குலுக்கல் பொருந்தும். கட்டுப்பாடு விதிக்கும் திட்டமானால், அந்த மக்களின் சம்மதத்தையும் கேட்டாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2016இல் செடூனா என்ற ஊரில் தொடங்கிய பற்று அட்டைச் சோதனையில், உதவித்தொகையின் 80 சதவீதம், மது வாங்கவோ சூதாடவோ ரொக்கமாக எடுக்கவோ முடியாத அட்டையில் செலுத்தப்பட்டது. பழைய பொருள்களை வாங்குவதானாலும் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் கொடுப்பதானாலும் மீதி 20 சதவீத ரொக்கத்தில்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. உள்ளூர்த் தலைவர்களின் ஆதரவைத் தேர்வுக்கு ஒரு காரணமாக அரசு காட்டியது. ஆனால் அட்டையைப் பெற்றவர்களில் பெரும்பான்மையினரான பூர்வகுடி மக்கள் ஒவ்வொருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கண்காணிப்பும் மதிப்பீடும் போதாமையால், சமூகத் தீங்கு குறைந்ததா என்று முடிவு சொல்வது கடினம் என 2018இல் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கை அளித்தது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. எங்கள் பகுதி இப்படி ஒரு பட்டியலில் வந்தால், அதிகாரிகளிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 1:
எந்த ஆண்டின் தரவு, மயிரிழையில் விடுபட்ட பகுதிகள் எவை, சோதனை முடிந்த பிறகு உதவி தொடருமா என்ற மூன்றையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.