ஹோமியோட்டிக் ஜீன்: தமிழில் எப்படிச் சொல்வது?

செ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் துணைக்கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஹோமியோட்டிக் ஜீன்' வந்ததும் நின்றுவிட்டேன். பாடம் பேசுவது அவ்வகையைச் சேர்ந்த 'ஹாக்ஸ்' என்னும் மரபணுத் தொகுதியைப் பற்றி. கருவில் எந்தப் பகுதி கழுத்து, எது மார்பு, எது இடுப்பு என்று முடிவாவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு. நமக்கும் எலிக்கும் 39, நான்கு கொத்துகளாக. 'ஒப்புரு மரபணு' சரியா?

இரா. எழுதியது:
கிரேக்க வேருக்குச் சரி. ஓர் உறுப்பு இன்னொன்றின் உருவை எடுப்பதைத்தான் 1894இல் உயிரியலாளர் பேட்சன் 'ஹோமியோசிஸ்' என்றார். ஆனால் தொல்காப்பியர் கையில் ஆயத்தச் சொல்லே இருக்கிறதே, 'மெய்பிறிதாதல்'! பொன்+குடம் பொற்குடமாகும்போது னகரம் றகரமாகிறது. மெய் என்றால் உடம்பும்தான். அப்புறம், மரபணுவில் அணு எங்கே வந்தது? 'ஈன்' அடியாக 'ஈனி' என்போம். மெய்பிறிதீனி.

ந.மு. எழுதியது:
ஐயா, பிள்ளைகள் ஏதோ தீனி என்று படித்துவிடுவார்கள். தவிர, மெய்பிறிதாவது மரபணு கெட்டால்தான். எலியில் ஹாக்ஸ்10 மரபணுக்கள் எல்லாவற்றையும் முடக்கியபோது இடுப்பு முள்ளெலும்புகளிலும் விலா முளைத்தது. அதாவது 'இங்கே விலா வேண்டாம்' என்பதே அவற்றின் வேலை. கோளாறை வைத்தா பெயர் சூட்டுவது? 'இடஞ்சுட்டி மரபணு' என்கிறேன்.

கோ. எழுதியது:
'சுட்டி' கணினி எலிக்குப் போய் வெகுநாளாயிற்று. இப்போது எலியின் இடஞ்சுட்டியா? எனக்கு வியப்பு வேறிடத்தில். குரோமோசோமில் இவை நிற்கும் அதே வரிசையில்தான் தலையிலிருந்து வால்நோக்கி இயங்குகின்றன. சொற்களை வரிசையாக நிறுத்தி அதே வரிசையில் பொருள்கொள்ளும் அசல் நிரனிறை அணி! 'நிரனிறை மரபணு'? ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தெலும்பு ஏழுதான் என்பதையும் கையேட்டில் சேர்க்கலாம்.

ந.மு. எழுதியது:
நிரனிறையைத் தமிழாசிரியர் விளக்கவே ஒரு பீரியட் ஆகும்.

செ. எழுதியது:
நன்றி. தனியஞ்சலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒலிபெயர்ப்பே போதும் என்கிறார்கள். 'ஹாக்ஸ் மரபணு' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'உடற்பகுதிகளை வரையறுக்கும்' என்று அடைமொழி.

இரா. எழுதியது:
கிரந்த ஹகரமா? 'ஆக்சு' என்றால் என்ன குறைந்துவிடும்?

கோ. எழுதியது:
கோடரி என்று நினைப்பார்கள்.

இரா. எழுதியது:
நினைக்கட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'ஈனி'க்குத் தனி இழை தொடங்குகிறேன். கிரேக்க 'கெனோஸ்' பற்றி அங்கே விரிவாக.