ஒருசந்தி, சுத்தபோசனம், பிடியரிசி: தவக்காலத்துக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

தீவான்:
வருசா வருசம் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முன் கிளம்பும் கேள்வி இது: வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாமா? சுத்தபோசனம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச் சட்டம் விலக்குவது இறைச்சியை. மீன், முட்டை, பால் அதில் இல்லை. 14 வயது நிறைந்தவர்களுக்கு அது கடன், அதாவது கட்டாயக் கடமை. ஆனால் எங்கட யாழ்ப்பாணத்தில் மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாம் ஒரே சட்டிதான். சட்டத்தைவிட வழக்கம் கடுமை. என்னைக் கேட்டால் வழக்கம்தான் சரி. ஆட்டிறைச்சியை விட்டுப்போட்டு நண்டுக் கறியும் றால் பொரியலுமாக இருந்தால் சட்டமும் மீறப்படாது, ஒறுத்தலும் நடக்காது. சோறும் சூடைமீனும் தவிர வேறில்லாத வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கைக் காட்டாதேங்கோ.

மார்ச் 19 சூசையப்பர் பெருவிழா வெள்ளியில் விழுந்தால் அன்று சுத்தபோசனக் கடன் இல்லை.

பாசையூர் அன்ரி:
ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு. ஒருசந்தி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும். 18இலிருந்து 59 நிறையும் வரை. ஒரு நேரம் முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு நேரமும் கொஞ்சம். இரண்டையும் கூட்டினாலும் ஒரு முழுச் சாப்பாட்டளவு வரக்கூடாது.

பிழை விடுவது பெரிய வெள்ளியில்தான். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு 3 மணிக்குக் கோயிலுக்குப் போனால் பாடுகளின் வாசிப்பு முழுக்கக் கண் சொருகும். காலமை இரண்டு துண்டுப் பாண், மத்தியானம் ஒரு கோப்பை பயற்றங்கஞ்சி. முழுச் சாப்பாட்டைச் சிலுவை முத்தி (சிலுவையை முத்தமிடுவது) முடிந்து வந்து வையுங்கோ. கஞ்சிக்கு உப்புப் போடுங்கோ. அந்த வெயிலில் வேர்த்துப் போகிற உப்புத் திரும்பாவிட்டால் முத்தி வரிசையிலேயே தலை சுற்றும். தண்ணீர் ஒருசந்தியை முறிக்காது. பசாம் (பாடுகளின் புலம்பல்) பாடுகிறவர்கள் இடையிடையே சுடுதண்ணீர் குடியுங்கோ, வெறுவயிற்றில் தொண்டை கட்டும்.

தேத்தண்ணியையும் சேர்த்து விடுகிறவர்களுக்கு வருகிற தலையிடியில் பசியின் பங்கு கொஞ்சம்தான். அதற்கு முந்தின கிழமையே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வந்தால் அந்த இடி வராது. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர்கள், பிள்ளைத்தாச்சிகள், பால் கொடுக்கிறவர்களுக்கு ஒருசந்திக் கடன் இல்லை. வீம்புக்குப் பிடிக்க வேண்டாம்.

தீவான்:
கலப்புக் குடும்பங்களுக்கு வெள்ளிக்கிழமை சுகம். சைவச் சம்பந்தி வீட்டிலும் அன்று மரக்கறிதான், ஒரே சமையல் காணும். கரைச்சல் விபூதிப் புதன்தான்: முதல் நாளே சொல்லாவிட்டால் மீன் வாங்கி வெட்டியும் விடுவார்கள். 2018இல் சிவராத்திரி செவ்வாய், விபூதிப் புதன் அடுத்த நாள். ஒருவர் விரதம் முடிக்க மற்றவர் தொடங்க வேண்டியிருந்த வருசம் அது.

மீன் வாங்காத காசை அன்றைய சந்தை விலைப்படி அன்றைக்கே தவக்காலக் காணிக்கை ரின்னில் போடுங்கோ. கிழமை முடிவில் கூட்டிப் போடலாம் என்று விட்டால் அது போன் ரீலோட்டுக்குப் போய்விடும். மரக்கறிச் சாப்பாடு என்று வடை, பாயாசம், பப்படம் எல்லாம் சேர்ந்தாலும் ரின் காலிதான்.

உடுவில்:
புரட்டஸ்தாந்துகளான எங்கட தென்னிந்தியத் திருச்சபைப் பக்கம் லெந்துக்கு (தவக்காலத்துக்கு) இந்த வயதுக் கணக்கு இல்லை. எங்கட ஆட்களுக்கு அமெரிக்க மிஷன் காலத்திலிருந்து வந்தது பிடியரிசி. உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துக் காணிக்கைக்கென்று வேறு பானையில் போடுவது. அதற்கென்று கூடுதலாக அளக்கக் கூடாது. அந்தப் பிடி குறைந்த சோறுதான் வீட்டுக்கு. இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள்.

ஒரு பிடி 35 கிராமளவு வரும். ஞாயிறு ஆறையும் கழித்து 40 நாள், நாளுக்கு இரண்டு உலை என்றால் 2.8 கிலோ. அரிசி கழுவ முதல், ஈரமில்லாத கையால் எடுங்கோ. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வண்டுக்கு நிழலில் காய்ந்த வேப்பிலை போதும். புழுங்கலையும் பச்சையையும் ஒன்றாகக் கொட்டாதேங்கோ: பச்சை குழைந்து பசையாகும்போதும் புழுங்கல் நடு வேகாமல் நிற்கும், வாங்கிப் போகிற வீட்டில் அதை ஒழுங்காகச் சமைக்க முடியாது.

பலன் என்ன என்று இளசுகள் கேட்கும். நாலாம் கிழமையளவில் ஒரு பிடி குறைந்தது வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகும், சோறு காணும். அப்போது இரண்டு பிடி எடுக்கத் தொடங்குங்கோ.